ஃப்ரிட்ஜ் டைமர் மாற்றத் தெரிந்தவர்கள் உதவுங்க

வணக்கங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் வீடு. டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 260 லிட்டர், 2014-ல் வாங்கியது. சித்திரையிலிருந்து கீழ்ப்பகுதி குளிர்வதே இல்லை. மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே வைத்த பால் திரிந்துவிடுகிறது. அப்பாவின் இன்சுலின் இப்போது பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில்.

ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றினால் குளிரூட்டும் குழாய்ச் சுருள் (coil) தெரியாத அளவுக்கு வெள்ளைப் பனி, ஃபேன் இறக்கை வரை ஏறி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வைத்தால் உருகிவிடும். கொஞ்ச நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான்.

மல்டிமீட்டரில், பனியை உருக்கும் ஹீட்டர் 350 ஓம் காட்டுகிறது, ஃப்யூஸும் சரி. பைமெட்டல் (பனி உருகிச் சூடானதும் ஹீட்டரை நிறுத்தும் சுவிட்ச்) புதுசு போட்டாச்சு. அவ்வப்போது கம்ப்ரசரை நிறுத்தி ஹீட்டரை ஓடவிடும் டைமரை ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் கம்ப்ரசர் நின்று ஹீட்டர் சூடாகிறது. தானாக மட்டும் நகர்வதில்லை. அதனால் டைமர்தான் என்று ஈரோட்டில் ஒன்று வாங்கி வந்தேன். பழையதில் டைமரை ஓட்டும் மோட்டாரின் சுருள் 1, 3 பின்களுக்கு நடுவில் இருக்கிறது, புதியதில் 1, 2-க்கு நடுவில். எல்லாம் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னும் மாட்டவில்லை.

இதை அப்படியே மாட்டலாமா, இல்லை 1-3 வகையையே தேடிப் பிடிக்க வேண்டுமா?