தூங்காமல் விளையாடினால்தான் நன்கொடை வருமா?

பழைய_கன்சோல்:
நவம்பர் வந்தால் ஒரு வாரம் நான் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை. கனடாவில் விக்டோரியா நகரத்தில் லோடிங்ரெடிரன் என்று ஒரு நகைச்சுவைக் குழு. 2007 முதல் வருடா வருடம் டெசர்ட் பஸ் என்ற வீடியோ கேமை நேரலையில் ஆடி, மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் சைல்ட்ஸ் பிளே அமைப்புக்குப் பணம் திரட்டுகிறார்கள். கேம் என்றதும் துப்பாக்கிச் சண்டை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் டூசானிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஆளே இல்லாத ஒரு பஸ்ஸை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாது, போய்ச் சேர நிஜமாகவே 8 மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை, கையை எடுத்தால் வண்டி வலப்பக்கம் சாயும், சாலையை விட்டு இறங்கினால் இழுவை வண்டி வந்து டூசானுக்கே திரும்ப இழுத்துப் போகும், அதையும் உட்கார்ந்து முழுக்கப் பார்க்க வேண்டும். சேர்ந்துவிட்டால் ஒரே ஒரு பாயிண்ட். பென் அண்ட் டெல்லர் என்ற மேஜிக் ஜோடி 90களில் கிண்டலுக்காகச் செய்தது, கடைக்கே வரவில்லை. இந்த அறுவையை வைத்து முதல் வருடம் 22,000 டாலருக்கு மேல் வந்தது. 2020இல் ஒரே ஓட்டத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டினார்கள்.

நானும் மூன்று நண்பர்களும் கோவையிலிருந்து இதே போல 48 மணி நேரம் செய்யலாம் என்று இருக்கிறோம், ஒரு குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்காக. என்ன நினைக்கிறீர்கள்?

நேர்பேச்சு:
நினைப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இது கழைக்கூத்து. கயிற்றின் மேல் ஒருவன் நடந்தால்தான் தட்டில் காசு விழும், சும்மா வந்து கேட்டால் விழாது. நீங்கள் நாலு பேரும் கண் சிவக்க உட்கார்ந்திருப்பதற்கும் அந்தக் குழந்தைக்குக் கீமோ ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்? 500 ரூபாய் கொடுக்க மனசு இருந்தால் வார்டு கணக்கில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமே.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் ஜெர்ரி லூயிஸ் தசைச்சிதைவு நோயாளிகளுக்காக 1966இலிருந்து 2010 வரை வருடந்தோறும் டிவியில் மணிக்கணக்கில் நன்கொடை நிகழ்ச்சி நடத்தினாரே, அதே சமாச்சாரம். பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் சின்ன வயதில் அதே இயக்கத்துக்குப் போஸ்டர் குழந்தையாக நின்றவர்களே 90களில் வளர்ந்து வந்து, எங்களைக் காட்டிப் பரிதாபம் விற்கிறீர்கள் என்று அவருக்கு எதிராகக் கொடி பிடித்தார்கள்.

பேராவூரணிக்காரன்:
கழைக்கூத்து என்பது கொஞ்சம் ஓவர் அண்ணே. எங்கள் பக்கம் மொய் விருந்து பார்த்திருக்கிறீர்களா? ஆடி மாதம் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, ஊரைக் கூட்டினால் ஒரே நாளில் லட்சக்கணக்கில் விழும். அதே ஆட்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் வெளியூர் போயிருப்பார்கள். கூட்டம் கூடினால்தான் கை சட்டைப் பைக்குள் போகும். அவர்களுக்குக் கேம்தான் பந்தல்.

நேர்பேச்சு:
மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம் தம்பி. நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறீர்கள். அது கடன், தர்மம் இல்லை.

பேராவூரணிக்காரன்:
சரி, அதை விட்டுத் தள்ளுங்கள். பந்தல் பந்தல்தான்.

நைட்டூட்டி_அக்கா:
நான் நர்ஸ், பதினோரு வருடமாக மாதத்தில் பாதி ராத்திரி விழிப்பு. தர்மமா இல்லையா என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலை அந்த 48 மணி நேரம். விடிகாலை மூன்றரை மணிக்கு மருந்துச் சீட்டில் எழுத்து ஊர்கிற மாதிரி இருக்கும், அதுவும் பகலில் தூங்கி எழுந்து வந்தவளுக்கே. ஒரு பள்ளிக்கூடப் பையன் 264 மணி நேரம் விழித்திருந்து சாதனை செய்தான் என்று 1964 கதையை எல்லாரும் சொல்கிறார்கள், அந்த வகைச் சாதனையையே கின்னஸ்காரர்கள் ஆபத்து என்று ஏற்பதை நிறுத்தியதை யாரும் சொல்வதில்லை. 2017இல் அமெரிக்காவில் ஒருவர் 24 மணி நேர நன்கொடை ஒளிபரப்பில் 22 மணி நேரம் ஆடிவிட்டு எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தூங்கிவிட்டார் போல என்று நினைத்தார்களாம்.

பழைய_கன்சோல்:
அக்கா, அந்தச் செய்தியை நானும் படித்தேன். ஆனால் பிணக்கூறாய்வில் சொன்ன காரணம் வேறு, தூக்கமின்மை இல்லை. அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

நைட்டூட்டி_அக்கா:
சரி, அதை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் நாலு பேரும் 48 மணி நேரம் விழித்திருக்கப் போகிறீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

வட்டிக்_கணக்கு:
டெசர்ட் பஸ்ஸில் பலருக்குத் தெரியாத விஷயம் அந்த நேரக் கணக்குதான். வருகிற நன்கொடையைப் பொறுத்துத்தான் ஓட்டம் நீளும்: முதல் மணி நேரத்துக்கு 1 டாலர். அடுத்த ஒவ்வொரு மணிக்கும் 7 சதவீதம் ஏறும், இரண்டாவது 1.07, மூன்றாவது 1.14 என்று. கூட்டு வட்டி. போட்டுப் பார்த்தேன்: முதல் 48 மணி நேரத்துக்கும் சேர்த்து 353 டாலர் போதும். 100 மணி நேரத்துக்கு 12,400 டாலர் அளவில். 160 மணி நேரத்துக்கு 7 லட்சத்து 18 ஆயிரம், அந்த 160வது மணி நேரம் மட்டும் தனியாக 47,000 டாலர். அதாவது 10 லட்சம் டாலரையே கொட்டினாலும் ஓட்டம் 165 மணி நேரத்தை ஒட்டி நின்றுவிடும். பணம் பத்து மடங்கானால் ஆட்களின் பாடு பத்து மடங்காகாது, ஒன்றரை நாள் நீளும், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் 'சப்அதான்' என்கிற சந்தா மாரத்தான். ஒரு சந்தாவுக்கு இத்தனை விநாடி என்று மாறாமல் கூட்டிக்கொண்டே போவார்கள். 2021இல் லட்விக் என்ற அமெரிக்கர் அப்படித் தொடங்கி 31 நாள் ஓடினார், கேமரா முன்னாலேயே படுத்துத் தூங்கினார். அது முதன்மையாக நன்கொடைக்காக நடந்ததும் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பழைய_கன்சோல்:
இதைத்தான் சொல்ல வந்தேன். அங்கேயும் ஒரே ஆள் வாரம் முழுக்க ஓட்டுவதில்லை. நாளை ஆறு ஆறு மணி நேரமாக வெட்டி நாலு ஷிஃப்ட், நள்ளிரவிலிருந்து காலை 6 வரை ஜீட்டா ஷிஃப்ட். என் ஆசைக்கு அதுதான் அருமையான நேரம், யாருக்கும் மூளை வேலை செய்யாது, பாட்டும் கூத்துமாக இருக்கும். கேம்ஸ் டன் குயிக் என்ற இன்னொரு நன்கொடை நேரலையை எடுத்துக்கொண்டால் அதுவும் இப்படித்தான், ஒவ்வொரு கேமுக்கும் வேறு வேறு ஆள் வந்து வேகமாக முடித்துக் காட்டிவிட்டுப் போவார். 2010 ஜனவரியில் நடத்த வேண்டிய இடத்தில் இணையம் சரிப்படாமல், அமைப்பாளரின் அம்மா வீட்டு நிலவறையிலிருந்து ஒளிபரப்பி, கேர் என்ற நிவாரண அமைப்புக்கு 10,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். புற்றுநோய்த் தடுப்புக்காக நடக்கும் ஜனவரி வாரம் 2020இலும் 2022இலும் 30 லட்சம் டாலரைத் தாண்டியது.

நேர்பேச்சு:
அந்தக் கேம்ஸ் டன் குயிக்கில் சூப்பர் மெட்ராய்டு என்ற கேமின் முடிவில் மிருகங்களைக் காப்பாற்றுவதா சாகவிடுவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பணம் கட்டுவார்களே, பார்த்தீர்களா? புற்றுநோய் அங்கே யார் நினைவில் இருக்கிறது? சேவல் கட்டில் கட்டுகிற மாதிரிதான் கட்டுகிறார்கள்.

வட்டிக்_கணக்கு:
சேவல் கட்டில் ஜெயித்தவன் பணத்தை எடுத்துப் போவான். இங்கே இரண்டு கட்சிப் பணமும் ஒரே பெட்டிக்குத்தான் போகிறது. இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

நேர்பேச்சு:
எனக்கு நஷ்டமில்லை. அடுத்த வருடம் அந்தக் கூத்து நின்றுவிட்டால் அந்தப் பணமும் நின்றுவிடும், அதைத்தான் சொல்கிறேன். மாசம் 200 ரூபாய் தானாகப் போகிற மாதிரி பத்துப் பேரைச் சேர்த்துவிடுங்கள், வார்டுக்காரர்கள் அதை வைத்து ஒரு ஆள் சம்பளத்தில் கொஞ்சமாவது திட்டமிட முடியும். இது தீபாவளிப் பட்டாசு.

ஒருதடவை_பட்டவன்:
நான் செய்தவன் என்பதால் சொல்கிறேன். 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் செறிவூட்டி வாங்கித் தருவோம் என்று 24 மணி நேரம் தனியாக செஸ் ஆடினேன். விடிகாலை 4 மணிக்குப் பார்த்துக்கொண்டிருந்தது மூன்று பேர், அதில் ஒருவர் என் அம்மா, அவரும் படுடா படுடா என்று சாட்டில் போட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் வந்தது 11,400 ரூபாய். அதில் சூப்பர் சாட்டில், அதாவது பார்ப்பவர்கள் யூடியூப் வழியாகவே சாட்டில் போடும் பணமாக, வந்த பங்கில் 30 சதவீதம் யூடியூப் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது, 100 போட்டவருக்கு 70தான் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தைக் கொடுத்த டிரஸ்ட்டிடம் ரசீது கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன், இன்றுவரை வரவில்லை. பணம் போட்டவர்களில் இரண்டு பேர் மட்டும் கேட்டார்கள், மற்றவர்கள் கேட்காததுதான் இன்னும் உறுத்துகிறது.

24 மணி நேரம் கஷ்டப்பட்டதால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வரவில்லை என்பது என் அனுபவம். வந்ததில் பெரும்பகுதி ராத்திரி 8லிருந்து 11க்குள் வந்துவிட்டது.

தணிக்கை_தங்கராசு:
கடைசியில் யாராவது பணத்தைப் பற்றிப் பேசினீர்களே, சந்தோஷம். ஆடுபவரின் கணக்குக்குப் பணம் வரவே கூடாது. 2023 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு பிரபல யூடியூபரின் குடும்ப அறக்கட்டளை மாட்டியது நினைவிருக்கும், மறதிநோய் ஆராய்ச்சிக்கு என்று நேரலை நடத்தி வருடக்கணக்காகச் சேர்த்த 6 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணம் யாருக்கும் போகாமல் அப்படியே கிடந்தது. கேள்வி கேட்டதும் இரண்டு சக யூடியூபர்கள்தான். அதற்கு அப்புறம்தான் கொடுத்தார்கள்.

கோவைத் தம்பிக்கு: நன்கொடையாளர் நேராக மருத்துவமனை அறக்கட்டளைக்கே கட்ட வேண்டும், வரிச்சலுகைக்கான (80ஜி) ரசீது அவர் பெயரில் வர வேண்டும். உங்கள் கணக்கு வழியாகப் போனால் அவருக்கு வரிச்சலுகை கிடையாது, உங்களுக்கு வருமானமா என்று கேள்வி வரும். இன்னொன்று, டொராண்டோ மாமா பணம் போடுவார் என்று கனவு காணாதீர்கள். அவர் இந்தியக் குடியுரிமையை விட்டிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை அனுப்பினால் பிரச்சினையில்லை. நேரலையில் இதை ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள், அமைப்புக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

பேராவூரணிக்காரன்:
யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் பார்ப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. பிரான்சில் இசட்ஈவென்ட் என்ற கேம் நேரலை நிகழ்ச்சி 2021இல் பசி ஒழிப்பு அமைப்புக்கு 1 கோடி யூரோ தாண்டியது. அடுத்த வருடம் முதலில் அறிவித்த சுற்றுச்சூழல் அறக்கட்டளையின் பணம் யாரிடமிருந்து வருகிறது என்று இணையத்தில் கிளப்பிவிட்டு, அமைப்பையே மாற்ற வைத்தார்கள். மாற்றியும் 1 கோடி தாண்டியது.

பழைய_கன்சோல்:
சரி, 48 மணி நேரம் வேண்டாம். சனி காலை 8 முதல் ஞாயிறு காலை 8 வரை, நாலு ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு ஒருவர், நேரத்துக்கு 7 சதவீத விதி. 24 மணி நேரத்துக்கு 58 ரூபாய் என்பது கேவலமாக இருப்பதால் முதல் மணியை 100 ரூபாயில் தொடங்குகிறோம், 5,820 வந்தால் முழு நாளும் ஓடும். அதற்கு மேல் வருவது எல்லாம் லாபம். பணம் நேராக அறக்கட்டளைக்கு, சூப்பர் சாட் மூடிவைக்கிறோம். வார்டு படம், குழந்தை முகம் எதுவும் காட்டுவதில்லை, இது நேர்பேச்சு அண்ணனுக்காக.

நேர்பேச்சு:
முகம் காட்டாதது நல்லது. மற்றபடி நான் மாறவில்லை. கணக்கு எண்ணை மட்டும் அனுப்புங்கள், வெள்ளிக்கிழமையே போட்டுவிடுகிறேன், உங்கள் பஸ்ஸைப் பார்க்க என்னால் ஆகாது.

நைட்டூட்டி_அக்கா:
ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை யார் ஓட்டுகிறார்கள்?

பழைய_கன்சோல்:
அதற்குத்தான் அக்கா சீட்டுப் போட வேண்டும்.