குன்னூர் வீட்டு மரத்தரை: இழைத்து மீட்பதா, பிடுங்கிவிட்டு டைல்ஸ் போடுவதா?

மலைவாசி:
குன்னூரில் தாத்தா காலத்து வீடு. ஹாலிலும் படுக்கையறையிலும் ஒரு அங்குலக் கனத்தில் தேக்குப் பலகைத் தரை. ஜன்னல் ஓரம் நாலைந்து பலகை உளுத்துவிட்டது, மிதித்தால் அமுங்குகிறது. மொத்தத்தையும் பிடுங்கி, அடியில் மண் நிரப்பி கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் காண்டிராக்டர். என்ன செய்யலாம்?

டைல்ஸ்கட்சி:
பிடுங்குங்கள். மலையில் ஈரம் எங்கே போகும்? இன்றைக்கு நாலு பலகை, அடுத்த மழைக்கு எட்டு. இந்த வேலை தெரிந்த ஆசாரியைத் தேடியே பாதி வருஷம் ஓடிவிடும்.

ஆசாரிமகன்:
ஜன்னல் ஓரம் மட்டும் உளுத்திருந்தால் மரத்தைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீர் எங்கிருந்தோ இறங்குகிறது. அந்தக் காலத்து வீடுகளில் தரைக்கு அடியில் காற்றோட வெளிச்சுவரின் கீழ்ப்பகுதியில் ஓட்டை விட்டிருப்பார்கள், பின்னால் வந்தவர்கள் எலி வருகிறது என்று அதை அடைத்துவிடுவார்கள் அல்லது வெளியே பூச்செடிக்கு மண் கொட்டி மூடிவிடுவார்கள், அப்புறம் பலகையைக் கீழே தாங்குகிற அடிச்சட்டம் இற்றுப்போகாமல் என்ன செய்யும்? மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது. ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். காரணத்தைப் பார்க்காமல் கான்கிரீட் போட்டால் அதே ஈரம் சுவரில் ஏறும்.

டைல்ஸ்கட்சி:
சரி, சட்டமே போயிருந்தால்? தேக்கு விற்கிற விலைக்கு யார் மாற்றுவது? பேசுவது சுலபம் சார்.

குளிர்கால்:
டிசம்பர் விடியற்காலையில் ஊட்டிப் பக்கம் டைல்ஸில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து பேசுங்கள் :) பழைய தரை மேலேயே லேமினேட், அதாவது மரம் போலத் தெரிகிற ரெடிமேட் பலகை, ஒட்டினால் என்ன?

ஆசாரிமகன்:
வேண்டாம். கீழே உளுப்பு தொடரும், மேலே மூடியிருப்பதால் தெரியாது. லேமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள்தான், தண்ணீர் புகுந்தால் விளிம்பு உப்பிவிடும், கீறல் விழுந்தால் இழைக்கவும் முடியாது. ஒரு அங்குலத் தேக்கை இன்னும் சில தடவை தேய்த்துப் பாலீஷ் போடலாம். சட்டம் போயிருந்தாலும் போன இடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

டைல்ஸ்கட்சி:
படுக்கையறைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹாலில் ஈரச் செருப்பு, குழந்தைகள், நாய்... அங்கே டைல்ஸ்தான்.

மலைவாசி:
பார்த்தேன். ஓட்டைகள் பூப்பாத்திக்குள் புதைந்து கிடக்கின்றன, சட்டம் ஒன்றில் மட்டும் நுனி மெத்தென்று இருக்கிறது. மாற்றுப் பலகைக்கு, வீடு இடிக்கிற இடத்தில் பழைய தேக்கு வாங்கலாமா?

ஆசாரிமகன்:
தாராளமாக. கனம் ஒத்துப்போகிறதா பாருங்கள். உள்ளே ஒடிந்த ஆணி இல்லாமல் பிடுங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தேய்க்கிற மெஷினில் பேப்பர் கிழியும்.