ரத்தம் ஏற்றும்போது நடுக்கம்: முதல் வேலை எது?

கேள்வி: ரத்தம் ஏற்றத் தொடங்கி 10 நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி. நர்சிங் தேர்வில் 'முதலில் செய்ய வேண்டியது?' என்ற கேள்விக்கு 'டாக்டருக்குத் தெரிவிப்பது' ஏன் தவறு?

பதில் 1: நீங்கள் போன் செய்யும் நேரத்திலும் ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கும். சேராத ரத்தம் உள்ளே போகப் போக ஆபத்து கூடும். முதலில் நிறுத்துங்கள். கேனுலாவை (ரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) எடுக்காதீர்கள், அவசர மருந்துக்கு அதுதான் வழி. பலரும் சறுக்குவது அடுத்த படியில்: அதே டியூபில் சலைனை ஓடவிட்டால் டியூபில் தங்கிய ரத்தமும் உள்ளே போய்விடும். புது டியூப் செட் மாட்டி 0.9% நார்மல் சலைன் ஓடவிடுங்கள். பிறகு மூச்சு, பிபி, நாடி பாருங்கள். டாக்டருக்கும் ரத்த வங்கிக்கும் சொல்லுங்கள். கைப்பட்டை விவரத்தைப் பை லேபிளோடு மறுபடி ஒப்பிடுங்கள். பையையும் டியூபையும் குப்பையில் போடாதீர்கள், ரத்த வங்கிக்குப் போக வேண்டும்.

பதில் 2: சலைனுக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) என்று ஒரு விடை இருந்தால் அதை நீக்கிவிடுங்கள், ரத்தத்தோடு கலந்தால் சிவப்பணுக்கள் உடையும்.

பதில் 3: 'முதலில் மதிப்பிடு' என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் இங்கே பிபி பார்க்கப் போகிறார்கள். கேள்வியிலேயே அறிகுறி தெளிவாக இருந்தால் மதிப்பீடு முடிந்துவிட்டது, செயல்தான் விடை. 'நோயாளி அமைதியின்றி இருக்கிறார்' என்று மட்டும் இருந்தால், அமைதிப்படுத்தும் மருந்தைத் தொடாமல் முதலில் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள்.