மாநில அளவில் எங்கள் முதல் சந்திப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குறிப்பேடு:

வணக்கம். எங்களுடையது எந்தக் கட்சியையும் சாராத தன்னார்வலர் குழு. வாக்காளர் பட்டியலில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க உதவுவோம், முதல்முறை வாக்களிக்கப் போகிறவர்களுக்கு வாக்குச்சாவடியில் என்ன நடக்கும் என்று செய்து காட்டுவோம், உள்ளாட்சி மன்றக் கூட்டங்களில் பார்வையாளராகப் போய் உட்கார்ந்து என்ன முடிவானது என்று எழுதி மக்களுக்குச் சொல்வோம். இவ்வளவுதான் வேலை. 11 மாவட்டங்களில் கிளை இருக்கிறது. ஆனால் இத்தனை வருடமும் ஒருவரையொருவர் ஃபோனிலும் காணொளிச் சதுரத்திலும்தான் பார்த்திருக்கிறோம். இந்த வருடம் எல்லோரும் ஒரே இடத்தில் ஒருநாள் கூடுவது என்று முடிவாகி, ஏற்பாடு முழுக்க என் தலையில் விழுந்துவிட்டது. கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான், எல்லோருடைய எண்ணும் என்னிடம் இருக்கிறது. வேறு தகுதி எதுவும் எனக்குக் கிடையாது.

எதிர்பார்ப்பது 180 பேர். முதல் வார்த்தையிலேயே சிக்கல். அழைப்பில் "மாநில மாநாடு" என்று போட்டேன். வடிவமைத்துக் கொடுத்த பையன் "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டான். கட்சி இல்லை, தன்னார்வலர்கள் என்று பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க, கொடி என்ன கலர்?" என்றான்.

மூத்த உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நிரல் அனுப்பியிருக்கிறார்கள். வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, வாழ்த்துரை நான்கு, சிறப்புரை இரண்டு, மாவட்ட அறிக்கை தலா ஐந்து நிமிடம், ஏற்புரை, நன்றியுரை. ஏற்புரை யார், எதை ஏற்றுக்கொண்டு என்று கேட்டேன். "வழக்கமா இருக்கும்மா" என்றார்கள். 11 மாவட்டத்துக்குத் தலா ஐந்து என்றால் காகிதத்தில் 55 நிமிடம். மைக் கைக்குப் போன பிறகு எவ்வளவு ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கட்சிக்காரர்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று இரண்டு அணி. எல்லோரையும் கூப்பிட்டால்தான் நடுநிலை என்கிறது ஒன்று, ஒருவரையும் கூப்பிடாததுதான் நடுநிலை என்கிறது இன்னொன்று.

கடைசியாக, தொழில் செய்கிற ஒருவர் மண்டபச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் மொத்தமாக ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பையில் அவர் பெயர் இருந்தால் போதுமாம். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

பையைத் தொடாதீர்கள்.

நாங்களும் ஒரு நல்ல மனிதரிடம்தான் வாங்கினோம். கெட்டித் துணி, இரட்டைத் தையல், அவர் பெயர் பெரிய எழுத்தில். சந்திப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து அவர் வேட்பாளர் ஆகிவிட்டார். எங்கள் ஆட்களோ அந்தப் பையைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக விண்ணப்பப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பை நன்றாக உழைத்தது, அதுதான் பிரச்சினை. யாரும் எங்களைத் திட்டவில்லை. "ஓ, நீங்க அவரு ஆளா" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம்: மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடம் வாங்குவதில்லை. கட்சிப் பொறுப்பில் இருப்பவர், வேட்பாளர், நிற்கப்போகிறார் என்று பேச்சு அடிபடுகிறவர், இந்த மூன்று பேரிடமும் வாங்குவதே இல்லை. கொடுத்தவர் பெயர் கணக்கில் வரும், பொருளில் வராது. சந்திப்பு முடிந்த 30 நாளுக்குள் வரவு செலவு எல்லா உறுப்பினர் கைக்கும் போய்விடும்.

உறுப்பினர்களிடம் ஒரு சிறு கட்டணமும் வாங்குங்கள். முழுக்க இலவசம் என்றால் பெயரைக் கொடுத்துவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள், நீங்கள் 180 பேருக்குச் சமைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். கட்ட முடியாதவருக்குக் காரணம் கேட்காமல் விலக்கு கொடுத்துவிடுங்கள். வசூலாவதில் முதல் செலவு, தொலைவிலிருந்து வருகிறவர்களின் பயணக் காசாக இருக்கட்டும்.

பின்வரிசை:

"தோழரே" என்று தொடங்கி அழித்துவிட்டேன். இந்த இழையில் அதுவே கொடி மாதிரி தெரியும்.

நான் இப்படி மூன்று சந்திப்புகளில் வேலை பார்த்தவன், மூன்றிலும் நாற்காலி எடுத்துப் போடுகிற ஆள். "மாநாடு" வேண்டாம், "சந்திப்பு" போதும். பேனர் நிறத்துக்கு ஒரு யோசனை: எல்லாக் கட்சிக் கொடிகளின் நிறத்தையும் எழுதி ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். எங்களுக்குக் கடைசியில் சாம்பலும் காக்கியும் மிஞ்சின. காக்கி போட்டால் போலீஸ் என்பார்கள் என்று சாம்பலில் அடித்தோம். பார்க்க அழுதுவடிந்தது, ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நிரலுக்கு வருகிறேன். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1980களில் ஒரு பெரிய கருத்தரங்கை ஒரு வருடம் உழைத்து நடத்தினார். முடிந்ததும் வந்தவர்களும் அவரும் ஒப்புக்கொண்டது, இடைவேளையில் நின்று பேசியதுதான் உருப்படியாக இருந்தது என்பதை. அதிலிருந்துதான் ஓப்பன் ஸ்பேஸ் என்கிற முறையை உருவாக்கினார். நாற்காலிகள் வட்டமாக, சுவர் காலியாக. எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அதை ஒருவர் தாளில் எழுதி, எழுந்து சொல்லி, இடமும் நேரமும் போட்டுச் சுவரில் ஒட்டுவார். விருப்பம் உள்ளவர்கள் அங்கே போவார்கள். இருக்கிற இடத்தில் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை என்றால் எழுந்து வேறு வட்டத்துக்குப் போகலாம், யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

எங்கள் இரண்டாவது சந்திப்பில் மதியத்தை முழுக்க இப்படி விட்டோம். ஒரு வட்டத்தில் ஏழு பேர்தான். பேச்சு, கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்களின் பெயர் பழைய இடத்தில் நீக்கப்பட்டு, புதிய இடத்தில் சேராமல் நடுவில் தொங்குவதைப் பற்றி. எல்லாக் கிளையிலும் இருக்கிற தலைவலி. அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மா கைப்பையிலிருந்து ஒரு அரைத்தாளை எடுத்துக் காட்டினார். அவர் கிளையில் விண்ணப்பம் போட்டதுமே அந்தப் பெண்ணின் கையில் இதைக் கொடுத்துவிடுவார்களாம். விண்ணப்பித்த தேதி, விண்ணப்ப எண், எந்தத் தேதியில் பட்டியலைப் பார்க்க வேண்டும், மூன்றே வரி. மூன்றாவது வரியின் கீழே சிவப்புப் பேனாவில் கோடு. நான்கு பேர் அங்கேயே ஃபோனில் படம் எடுத்தார்கள். அடுத்த மாதம் எங்கள் கிளையிலும் அந்தத் தாள் வந்துவிட்டது, சிவப்புக் கோட்டோடு. ஐந்து நிமிட மாவட்ட அறிக்கையில் அந்த அம்மா பேசியிருக்கவே மாட்டார். அவர் செயலாளர் இல்லையே.

அதனால் பெயரட்டையில் பதவி போடாதீர்கள். நாலடி தள்ளி நின்றாலும் தெரிகிற அளவில் பெயர், கீழே மாவட்டம், அதற்கும் கீழே "என்னிடம் இதைக் கேளுங்கள்" என்று ஒரு காலி வரி. அதை அவரவரே எழுதட்டும். மாவட்ட அறிக்கைகளை ஒரு பெரிய தாளில் எழுதி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், பக்கத்தில் கிளைக்காரர் ஒருவர் நிற்கட்டும். அரை மணி நேரத்தில் எல்லோரும் சுற்றிப் பார்த்துவிடுவார்கள்.

இடத்தை வரைபடத்தின் நடுவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் ஓர் ஊரைப் பிடித்தோம். நேர் பஸ் எங்கிருந்தும் கிடையாது, எல்லோரும் இரண்டு முறை மாறி வந்தார்கள். நடுநிலையான கஷ்டம். பயண நேரத்தைக் கணக்குப் போடுங்கள், பத்தரைக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடியுங்கள். சக்கர நாற்காலி ஏறுமா, கழிவறை எந்த நிலையில் இருக்கிறது என்பதை நேரில் போய்ப் பாருங்கள். ஃபோனில் கேட்டால் "எல்லாம் இருக்கு" என்பார்கள். தேர்தல் அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையில் தேதி வைக்கவே வேண்டாம்.

கட்சிக்காரர்கள் விஷயத்தில் நான் இரண்டாவது அணி. எல்லா வேட்பாளரையும் ஒரே மேடையில் நிறுத்தி, ஒரே கேள்வி, ஒரே நேரம் கொடுத்து மக்கள் முன்னால் பதில் வாங்குவது நல்ல வேலைதான், ஆனால் அது வேறொரு நாளின் வேலை. இது வீட்டுக்குள் பேசுகிற நாள். நம் ஆட்களுக்கும் சொந்தமாக ஒரு ஓட்டும் ஒரு விருப்பமும் இருக்கும், அதில் தவறே இல்லை. சட்டையில் குத்துகிற பேட்ஜ், ஃபோன் உறை, மோதிரம் இவற்றை மட்டும் ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். குழுப் படம் எடுக்கும்போது கைகள் கீழே இருக்கட்டும். எந்த விரலை எப்படித் தூக்கினாலும் அது யாருடைய அடையாளமாகவாவது ஆகிவிடுகிறது.

குறிப்பேடு:

அரைத்தாள் விஷயத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் கிளையிலும் அப்படித் தொங்குகிற பெயர்கள் இருக்கின்றன.

இன்னொரு கேள்வி. சந்திப்பில் தீர்மானம் போட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வாக்குச்சாவடிகளில் சாய்தளம் கட்டாயம் வேண்டும் என்பதுபோல. கட்சி சாராத அமைப்பு கருத்தே சொல்லக் கூடாது என்று வேறு சிலர். எது சரி?

நடுக்கோடு:

அமெரிக்காவில் லீக் ஆஃப் வுமன் வோட்டர்ஸ் என்று ஓர் அமைப்பு, 1920இல் தொடங்கியது. எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதும் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் ஒரு பொருளை எடுத்துப் படித்து, விவாதித்து, ஒத்த முடிவுக்கு வந்தால் அந்தப் பொருளில் நிலைப்பாடு எடுத்து வெளிப்படையாகவே பேசுவார்கள். ஆளைப் பற்றிப் பேசுவதில்லை, விஷயத்தைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் கோடு. சாய்தளம் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

ஆபத்து தீர்மானத்தில் இல்லை, அது வருகிற விதத்தில்தான். மதியம் மூன்றரை மணிக்கு, பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்த பிறகு, ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து "இதையும் நிறைவேற்றிவிடலாம்" என்பார். கைதட்டலோடு நிறைவேறும். மறுநாள் பத்திரிகையில் பார்க்கும்போதுதான் அதில் என்ன இருந்தது என்று தெரியும். வரைவு நான்கு வாரம் முன்பே எல்லாக் கிளைக்கும் போயிருக்க வேண்டும், அன்றைக்குத் திருத்தலாம், புதிதாகக் கொண்டுவரக் கூடாது. இத்தனை பேருக்குக் குறைந்தால் வாக்கெடுப்பு இல்லை என்றும் முன்பே எழுதி வையுங்கள். சந்திப்பு நடக்கும் ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்திருப்பார்கள் என்பதால், தலைக் கணக்கோடு மாவட்டக் கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும் என்று வைப்பது நல்லது.

கூட்டம் நடத்தத் தெரியாது என்று பயப்படாதீர்கள். ஹென்ரி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரை 1863இல் ஒரு தேவாலயத்தில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அமளியாகிவிட்டது. அந்த அவமானத்தில் கூட்ட விதிகளைத் தேடிப் படித்தவர், 1876இல் தானே ஒரு விதிநூல் போட்டார். இன்றும் உலகில் பல அமைப்புகள் அதை வைத்துத்தான் கூட்டம் நடத்துகின்றன. உங்களுக்கு அதில் இரண்டு விதி போதும். ஒரு நேரத்தில் ஒரு பொருள். இன்னும் பேசாதவர் கை தூக்கினால், ஏற்கெனவே பேசியவர் காத்திருக்க வேண்டும்.

ஒலிபெருக்கி:

எல்லோரும் உரையைப் போட்டு இப்படி அடிப்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் கிளையில் ஒரு பெரியவர் 12 வருடமாக மன்றக் கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பு எடுத்தவர். வட்டம் வட்டமாகப் பேசிய ஒரு சந்திப்புக்கு ராத்திரி பஸ்ஸில் வந்தார். எந்த வட்டத்தில் உட்காருவது என்று தெரியாமல் சுவரோரமாகவே நின்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த தடவை கூப்பிட்டபோது "நீங்க சின்னவங்க பாத்துக்கோங்க" என்றார். சிலருக்கு மைக்கில் ஒருதரம் தன் பெயரைச் சொல்வதுதான் வந்ததற்கு அர்த்தம். மாவட்டத்துக்கு ஒருவர், ஒரு நிமிடம், பொறுப்பில் இல்லாத ஒருவர் என்று வையுங்களேன்.

பின்வரிசை:

இது நான் யோசிக்காதது. வட்டங்களுக்கு வழிகாட்ட ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவரை நிறுத்த வேண்டும் போல. நாற்காலி போடுகிற மும்முரத்தில் சுவரோரம் நின்றவர்களை நானும் பார்க்காமல் விட்டிருப்பேன்.

குறிப்பேடு:

நேற்று ஏழு பேர் உட்கார்ந்து பேசினோம். "சந்திப்பு" என்று மாற்றியாகிவிட்டது. பைக்காரருக்கு நன்றி சொல்லி, பத்தில் ஒரு பங்கு மட்டும் வாங்கிக்கொள்கிறோம் என்றேன். முகம் சுருங்கியது, இன்னும் பதில் வரவில்லை. வாழ்த்துரை நான்கும் போய்விட்டன. சிறப்புரை ஒன்றுதான், அதுவும் தேர்தல் பணியில் இருந்து ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், பட்டியலில் பெயர் எப்படி நீங்குகிறது என்று விளக்கப்போகிறார். மாவட்டத்துக்கு ஒரு நிமிடம் உண்டு. ஏற்புரையை மட்டும் அசைக்க முடியவில்லை. யார் பேசுவது என்று இன்னும் முடிவாகவில்லை, ஆனால் இருக்கும்.

பெயரட்டை மாதிரி ஒன்று எழுதிப் பார்த்தேன். பெயர், மாவட்டம் வரை சரி. "என்னிடம் இதைக் கேளுங்கள்" என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படி என்று போட்டால் யாராவது கேட்க வருவார்களா?

கணக்குப்பிள்ளை:

போடுங்கள். எங்கள் கிளையில் இரண்டு வருடமாக யாருமே எழுதுவதில்லை. முதல் ஆளாக நான் வந்து நிற்பேன்.