ரயில்வே கேட்டில் நிற்கும் வண்டி வரிசையைச் சைக்கிளில் எந்தப் பக்கமாகத் தாண்டுவது?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

வணக்கம். வயது 46. நீடாமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊரிலிருந்து அரை மணி நேர மிதி. சர்க்கரை வந்ததும் டாக்டர் பேச்சைக் கேட்டு பைக்கை மச்சானிடம் தள்ளிவிட்டுச் சைக்கிளுக்கு வந்தவன். நாலு வருஷம் ஆகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. கேட்தான் இப்போது பிரச்சினை.

நீடாமங்கலம் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலையும் ரயில் பாதையும் இங்கே குறுக்கே சந்திக்கின்றன. திருவாரூர் போகிற ரயில், மன்னார்குடிக்குப் பிரிகிற ரயில், இன்ஜின் திசை மாற்றுவது, கொள்முதல் நெல்லை வெளி மாவட்ட அரவைக்கு ஏற்றிப் போகிற சரக்கு ரயில், எல்லாவற்றுக்கும் மூடுவது இந்த ஒரே கேட்டைத்தான். அறுவடைக் காலத்தில் ஸ்டேஷனுக்கு மூட்டை கொண்டுவருகிற லாரிகளும் அதே வரிசையில் நிற்கும்.

போன செவ்வாய்க்கிழமை நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸின் இடது பக்கமாக உருட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸுக்கும் தார் விளிம்புக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருக்கும். கேட் திறக்க நேரமாகும் என்று பின் படியிலிருந்து ஒருவர் கட்டைப்பையோடு குதித்தார். பை ஹேண்டில்பாரில் மாட்டியது. முன் சக்கரம் தாரை விட்டு அரைச் சாண் பள்ளத்தில் இறங்கி, நான் மண்ணில் விழுந்தேன். அவருடைய வாழைக்காயெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் உருண்டு ஓடியது. "கண்ணு தெரியலையா?" என்று அவர் கேட்டார். என்னத்தைச் சொல்ல. முட்டி தேய்ந்தது, பெடல் வளைந்தது. அந்தப் பக்கம் விழுந்ததற்குப் பதில் பஸ் பக்கம் விழுந்திருந்தால்? ராத்திரி அதை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் புத்திசாலித்தனமாக வலது பக்கம் போனேன். பாதி வரிசையில் கேட் திறந்துவிட்டது. எதிரே பைக் கூட்டம், அதன் பின்னால் ஒரு பஸ். பக்கத்தில் லாரி. பாக்குவெட்டியில் மாட்டின பாக்கு மாதிரி நின்றேன்.

இடதா, வலதா, இல்லை கடைசி லாரிக்குப் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு நிற்பதா? கடை முதலாளிக்கு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி.

---

சும்மா ஒருவன் சொன்னது:

இதுக்கு இவ்வளவு யோசனையா சார்? சைக்கிளைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைந்து போய்ட்டே இருங்க. நாங்க எல்லாம் அப்படித்தான்.

---

ஸ்டீயரிங் தாத்தா சொன்னது:

மேலே சொன்ன தம்பியின் பேச்சைக் கேட்காதீர்கள். மூடின கேட்டில் நுழைவது ரயில்வே சட்டப்படி குற்றம். அதை விடுங்கள், ஸ்டேஷன் பக்கத்து கேட்டில் ஒரு ரயில் போய்விட்டதே என்று நுழைகிறவனுக்கு அடுத்த தடத்தில் வருகிற ரயில் கண்ணில் படாது.

நான் 27 வருஷம் பஸ் ஓட்டினவன். வெண்ணாற்றங்கரைத் தம்பி, டிரைவர் சீட்டிலிருந்து என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன், அப்புறம் பக்கத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்.

டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். இடது முன் மூலையில், கண்ணாடிக்குக் கீழே, சைக்கிளில் ஒரு ஆள் நின்றால் அவன் தலைகூடத் தெரியாது. இடது பக்கக் கண்ணாடியில் பஸ்ஸின் நீளம் தெரியும், ஆனால் முன் படியை ஒட்டி நிற்கிறவன் தெரிய மாட்டான். கேட் தூக்கும்போது எங்கள் கண் கேட் மேலே இருக்கும், காது கண்டக்டர் விசில் மேலே இருக்கும். உங்கள் பெல் அந்த நேரத்தில் காதில் ஏறாது.

அதனால் வலது பக்கம் மேல். டிரைவருக்குப் பழக்கமான பக்கம் அது, முந்துகிறவன் அங்கேதான் வருவான் என்று கண்ணாடியை ஒருமுறையாவது பார்ப்பான். ஆனால் நீங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. எங்கே போய் நுழைந்து நிற்கப் போகிறோம் என்று பார்க்காமலே கிளம்பிவிட்டீர்கள். நாலு வண்டிக்கு அப்பால் ஒரு இடைவெளி தெரிகிறதா, அதுவரை மட்டும் போங்கள். அங்கே நின்று அடுத்த இடைவெளியைத் தேடுங்கள். இடைவெளி இல்லையென்றால் போகாதீர்கள். வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

லாரி டிரைவர் கதவு வலது பக்கம் திறக்கும். கேட் போட்டால் டீ குடிக்கவும் ஒன்றுக்குப் போகவும் இறங்குவான். முழுக் கதவு அகலத்துக்குத் தள்ளிப் போங்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம், கதவு திறந்தபின் பிரேக் பிடித்து ஒன்றும் ஆகாது. நடக்கிற வேகம் போதும்.

காதைத் திறந்து வையுங்கள். செல்ஃப் அடிக்கிற சத்தம் கேட்டாலே இடைவெளிக்குள் போய்விட வேண்டும். அதற்கப்புறம் 'புஸ்' என்று காற்று விடும், பிரேக்கை விட்டாயிற்று என்று அர்த்தம். புஸ் கேட்டபின் பக்கவாட்டில் இருக்கக் கூடாது.

டிராக்டர் டிரெய்லர் தனி ஜாதி. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே நுழைந்து அந்தப் பக்கம் போகிற பழக்கம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. கிளட்சை விடும்போது அது ஒரு குலுக்கு குலுக்கும், பின்னாலும் உருளும். அதோடு, கேட் தாண்டித் திரும்பும்போது நீள வண்டியின் பின் சக்கரம் முன் சக்கரத்துத் தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில் சைக்கிளோடு நிற்காதீர்கள்.

---

பதினொன்றாம் வகுப்புக்காரி அம்மா சொன்னது:

தாத்தா சொன்னது பெரியவர்களுக்குச் சரி. என் பெண் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள், கூடவே ஐந்து பெண்கள். எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு வலது பக்கம் போ என்று அவளிடம் என்னால் சொல்ல முடியாது. வரிசை தெரிந்ததும் இறங்கு, தாரை விட்டு மண் ஓரத்தில் தள்ளிக்கொண்டு போ, ஒருத்தி பின்னால் ஒருத்தி. துப்பட்டாவை முடிந்துகொள். இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸுக்கு அடியில் பார். இரண்டு வண்டிக்கு நடுவிலிருந்து வருகிறவர் முகம் தெரிவதற்கு முன் கால் தெரியும். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவார், அவருக்குச் சைக்கிள் ஞாபகமே இருக்காது. ஜன்னல் ஓரம் வெற்றிலை போட்ட ஆள் இருந்தால் அது வேறு ஆபத்து. என் வெள்ளைப் புடவை ஒன்று அப்படித்தான் போனது.

அறுவடை மாதங்களில் தண்டவாளத்துக்கு முன்னால் நெல் சிந்திக் கிடக்கும். தாரில் நெல் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். தண்டவாளத்தையும் நேர் குறுக்கே தாண்ட வேண்டும். சாய்வாகப் போனால் அந்தச் சந்தில் டயர் இறங்கிவிடும்.

---

வலங்கைமான் - லண்டன் சொன்னது:

நான் இங்கே தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். இங்கேயும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்டம், அதனால் ஒப்பிடலாம். நிற்கிற வரிசையைச் சைக்கிள் வலதாகவோ இடதாகவோ தாண்டலாம் என்று பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகமே சொல்கிறது, எச்சரிக்கையோடு. ஆனால் இங்கே சைக்கிள்காரர்களுக்குப் பெரிய எமன் இடது பக்கம் திரும்புகிற லாரிதான். அதற்காகவே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் டிரைவருக்கு வெளியே எவ்வளவு தெரிகிறது என்று அளந்து, 2021 மார்ச் முதல் லண்டனில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். தாத்தா சொன்ன அதே இடது மூலைதான்.

கதவு விஷயம்: 2022 ஜனவரியில் விதிப் புத்தகத்தில் ஒன்று சேர்த்தார்கள். கதவுக்குத் தள்ளியிருக்கிற கையால் கதவைத் திறக்க வேண்டும். வலது பக்கம் உட்கார்ந்த டிரைவர் இடது கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவன் தெரிவான். அண்ணனுக்குத் தெரிந்த லாரிக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

---

வெண்ணாற்றங்கரை சொன்னது:

எல்லோருக்கும் நன்றி. லண்டன் தம்பி, இங்கே லாரியில் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். டிரைவர் வலது பக்கம் இறங்கினால் கிளீனர் இடது பக்கம் குதிப்பான். அவனுக்கு எந்தக் கையைச் சொல்வது?

வியாழக்கிழமை தாத்தா முறையைச் செய்து பார்த்தேன். ஆலங்குடி குரு கோயிலுக்கு வந்த வேன்களும் சேர்ந்து வரிசை வழக்கத்தைவிட நீளம். மூன்று தாவல். மூன்றாவது இடைவெளியில் நிற்கும்போதே முன்னால் இருந்த லாரி 'புஸ்' என்றது. அப்படியே அதன் பின்னால் நின்றுகொண்டேன். கேட் திறந்து, வரிசையோடு வரிசையாக, தண்டவாளத்தை நேராகத் தாண்டினேன். கடைக்குப் போகும்போது ஒன்பது ஏழு. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், நான் முட்டியைக் காட்டினேன்.

சாயங்காலம்தான் புதுச் சந்தேகம். என்னுடையது டைனமோ லைட். சக்கரம் நின்றால் விளக்கும் நின்றுவிடும். இருட்டில் வரிசையில் நிற்கும்போது பின்னால் வருகிறவனுக்கு நான் இருப்பதே தெரியாதே?

---

ஸ்டீயரிங் தாத்தா சொன்னது:

தெரியாது. டைனமோவை நம்பாமல் பேட்டரியில் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் மாட்டுங்கள். அதோடு லாரி பின்பக்கம் ஒட்டுகிற வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர் ஒரு முழம் வாங்கி மட்கார்டில் ஒட்டுங்கள். பெடல் ஓரத்திலும் ஒரு துண்டு. வளைந்த பெடலை மாற்றினீர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள்.