அவுட் ஆன பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்: குமரி மண்ணில் கூட்ட விளையாட்டுகள்

தக்கலையிலிருந்து

லீவு விட்டதும் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து விளையாட வைக்கிறவர்கள் எல்லாரும் முதல் நாளே ஒரே பிரச்சினையில்தான் மாட்டுவார்கள். பத்து நிமிஷம் நன்றாகப் போகும். அப்புறம் ஓரத்தில் நாலு பேர் மண்ணை வாரி எறிந்துகொண்டிருப்பார்கள். அந்த நாலு பேரும் அவுட் ஆகி உட்கார வைக்கப்பட்டவர்கள். எந்த ஆட்டத்திலும் முதலில் அவுட் ஆவது சின்னதும் மெதுவாக ஓடுவதும்தான். அதிகமாக ஓடிப் பழக வேண்டிய பிள்ளை அதிக நேரம் சும்மா இருக்கும்படி ஆகிவிடுகிறது.

இதற்கு விதியை மாற்றினால் போதும். அவுட் ஆனவர் 20 அடி தள்ளி இருக்கிற ஒரு மரத்தைத் தொட்டு, அங்கேயே பத்துத் தடவை குதித்துவிட்டு, திரும்ப ஆட்டத்தில் சேரலாம். புள்ளி எதிரணிக்குப் போகும், பிள்ளை ஆட்டத்தில் இருக்கும். மரம் தென்னையாக இருக்கக் கூடாது. தேங்காயோ காய்ந்த மட்டையோ எப்போது விழும் என்று சொல்ல முடியாது. மாவோ பலாவோ பாருங்கள், இல்லையென்றால் ஒரு கம்பை நட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்களைப் பிரிக்கும்போது இரண்டு பெரிய பையன்களைத் தலைவர்களாக்கி ஆள் எடுக்கச் சொல்லாதீர்கள். கடைசியில் மிஞ்சுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் புரியும். உயர வாரியாக நிற்க வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் பலமும் கிட்டத்தட்ட சரியாக வரும்.

பூதப்பாண்டியிலிருந்து

அண்ணன் சொன்னது சரி. ஆனால் விதி மாற்றவே தேவைப்படாத ஆட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, கிளித்தட்டு. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காசும் வேண்டாம். களத்தின் அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

8 முதல் 11 வயதுப் பிள்ளைகள், அணிக்கு 5 பேர் என்றால் 40 அடி நீளம், 16 அடி அகலம். நீளவாக்கில் நடுவே ஒரு கோடு. குறுக்கே 10 அடிக்கு ஒன்றாக, இரண்டு ஓரக் கோடுகளையும் சேர்த்து 5 கோடுகள். மொத்தம் 8 கட்டம் கிடைக்கும். குறுக்குக் கோட்டுக்கு ஒருவராகக் காவல் அணி நிற்கும். முதல் கோட்டில் நிற்பவர்தான் கிளி. கிளி தன் கோட்டோடு நடுக்கோட்டிலும் ஓடலாம், மற்றவர்கள் அவரவர் கோட்டை விட்டு நகரக் கூடாது. கிளி கை தட்டியதும் ஆட்டம் தொடங்கும். எதிரணி முதல் கோட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசிக் கோட்டுக்கு அப்பால் போய், ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த மண்தான் ‘உப்பு’. ஒரு ஆளாவது உப்போடு முதல் கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் வெற்றி. காவல்காரர் கால் கோட்டில் இருக்கும்போது தொட்டால்தான் தொட்டது கணக்கு. தொட்டுவிட்டால் இரண்டு அணியும் இடம் மாறும், அதனால் யாரும் ஓரத்தில் உட்கார வேண்டியதில்லை.

அகலம் 20 அடிக்கு மேல் போனால் காவல் இருக்கிற பிள்ளையால் இரண்டு கட்டத்தையும் பார்க்க முடியாது, ஆட்டம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். 12 அடியாகக் குறைத்தால் ஒருவரும் தாண்ட மாட்டார்கள், எல்லாரும் முதல் கட்டத்திலேயே நின்று கத்துவார்கள். பெரியவர்கள் தங்கள் காலடியால் அளந்து போடுகிற களம் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு அகலமாகத்தான் வரும்.

கையில் மண் எடுக்கச் சொல்வது வெறும் அலங்காரம் இல்லை. யார் போகிறவர், யார் திரும்புகிறவர் என்ற சண்டை அதில்தான் தீரும். மூடின கையைத் திறந்து காட்டச் சொன்னால் போதும். மண்ணை யார் மேலும் எறிந்தால் அந்தச் சுற்று எதிரணிக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடு போட அடுப்புச் சாம்பல் அரை வாளி போதும், மொத்தமே 200 அடிதான். சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ வேண்டவே வேண்டாம். விழுந்து எழுந்த கையோடு கண்ணைக் கசக்கும் பிள்ளைகள் இவர்கள்.

இடம் வேண்டுமென்றால் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழுவதற்கு முன்னால் வயல் காய்ந்து கிடக்கும். ஆனால் மிஷின் அறுத்த வயலில் நெல்தாள் ஒரு சாண் உயரம் நிற்கும், கணுக்காலைக் கிழித்துவிடும். களத்துமேடோ, ஆடுமாடு மேய்ந்து மிதித்த மூலையோ பார்த்து எடுங்கள்.

குளச்சலிலிருந்து

கடற்கரையில் ஆட வைப்பவர்களுக்கு. பூதப்பாண்டி அண்ணன் சொன்ன களத்தைக் காய்ந்த மணலில் அப்படியே போட்டால் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் களைத்துவிடுவார்கள். காலை இழுத்து இழுத்து ஓட வேண்டியிருக்கும். நீளத்தை 28 அடியாகவும் அகலத்தை 12 அடியாகவும் குறையுங்கள். காவல் பிள்ளையின் வேகமும் மணலில் குறைவதால் இங்கே 12 அடி சரியாக வரும். சாம்பல் கோடு மணலில் நிற்காது. குதிகாலால் சால் இழுத்தால் ஒரு சுற்றுக்குத் தாங்கும். தும்புக்கயிறு கட்டுவதாக இருந்தால் மணலுக்குள் புதைத்துவிடுங்கள். மேலே கிடந்தால் கால் மாட்டும்.

அலையோரம் ஈர மணல் கெட்டியாக இருக்கிறது என்று அங்கே இறங்கவே கூடாது. கள்ளக்கடல் என்று நாம் சொல்வது, இங்கே காற்றே இல்லாத நாளிலும் தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை வந்து ஏறுவது. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வரும், பிள்ளைகளுக்கு லீவும் அப்போதுதான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் எச்சரிக்கை கொடுத்தால் அன்றைக்குக் கரைப்பக்கமே வேண்டாம். மற்ற நாளிலும் மேட்டு மணலில் மட்டும், கடலுக்கும் களத்துக்கும் நடுவே ஒரு பெரியவர் நின்றபடி.

குலசேகரத்திலிருந்து

மேற்குப் பக்கம் எங்களுக்குத் தட்டையான இடம் குறைவு. ரப்பர் தோட்டத்துக்குள் கள்ளன் போலீஸ் விளையாட விடுகிறார்கள், அதில் கவனம் வேண்டும். பால் வெட்டுகிற மரத்தில் பால் வழிகிற தகரச் சில்லும் அதைப் பிடிக்கிற சிரட்டையைக் கட்டின கம்பியும் சரியாகப் பிள்ளையின் முகத்து உயரத்தில் இருக்கும். திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டத்துக்கு அது ஆகாது. இலை உதிர்கிற டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரிவில் சருகு வழுக்கவும் செய்யும்.

இந்தப் பக்கத்துக்கு ஏற்ற ஆட்டம் கமுகம்பாளை, அதாவது பாக்கு மட்டை இழுப்புதான். ஓலையோடு விழுந்த பாளையில் ஒருவர் உட்கார, இன்னொருவர் ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுப்பது. இதையே அஞ்சல் ஓட்டமாக்கினால் 12 பேரும் ஓயாமல் ஓடுவார்கள். அணிக்கு ஒரு பாளை, 40 அடி தூரம். போகும்போது ஒருவர் இழுக்க, வரும்போது இடம் மாறிக்கொள்ள, அடுத்த ஜோடியிடம் கொடுக்க வேண்டும்.

பாளை அன்றைக்கு விழுந்ததாக இருந்தால் நல்லது. இரண்டு நாள் காய்ந்தது ஓரம் சுருண்டு, உட்கார்ந்ததும் நீளவாக்கில் கிழியும். அப்படிப்பட்டதை ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால் திரும்ப வளையும். சரல் கிடக்கிற செம்மண்ணில் ஒரு பாளை ஏழெட்டு ஓட்டத்தில் தேய்ந்து ஓட்டை விழும். பிள்ளைக்கு அது தெரியாது, தொடை உரசின பிறகுதான் தெரியும். ஒவ்வொரு ஜோடிக்குப் பிறகும் பாளையைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். வெளுத்து நார் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். உட்காருகிற பிள்ளை இரண்டு கையாலும் பாளை ஓரத்தைப் பிடிக்கக் கூடாது, விரல் கல்லில் அடிபடும். முன்னால் இருக்கிற மட்டைத் தண்டைத்தான் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் ஒருபோதும் வேண்டாம், பாளை இழுக்கிறவன் காலிலேயே போய் இடிக்கும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து

இங்கே ஜூனில் காற்று தொடங்கினால் பந்தாட்டம் எல்லாம் மூட்டை கட்டித்தான் வைக்க வேண்டும். காற்று இல்லாத மாதங்களில் ஏழுகல்லுக்கு இணை கிடையாது. அடுக்கின ஏழு கல்லை ஒரு அணி பந்தால் எறிந்து சரித்துவிட்டு, எதிரணி பந்தால் அடித்து அவுட் ஆக்குவதற்குள் திரும்ப அடுக்குகிற ஆட்டம் இது. உருண்டைக் கல் எடுக்காதீர்கள், அடுக்கவே முடியாமல் ஆட்டம் செத்துப்போகும். உடைந்த ஓட்டுச் சில்லு 7, அடியில் உள்ளங்கை அகலம், மேலே போகப்போகச் சின்னது. ஓரங்களைத் தரையில் உரசி மழுக்கிவிட வேண்டும். எறிகிற தூரம் 12 அடி. பந்துக்கு டென்னிஸ் பந்தைவிட ஓலைப்பந்து மேல். தென்னோலையில் ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு முடைந்து, உள்ளே வாழைச்சருகைத் திணித்தால் பட்டாலும் வலிக்காது. ஒரு பந்து ஒரு சாயங்காலத்துக்குத்தான் வரும், நாலைந்து முடைந்து வையுங்கள்.

இதில் வழக்கமாக வருகிற கோளாறு, பெரிய பையன் ஒருத்தன் பந்தை வைத்துக்கொண்டு எல்லாரையும் துரத்துவது. பந்து கையில் இருப்பவர் அடி எடுத்து வைக்கக் கூடாது, பக்கத்து ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தால் மற்ற பிள்ளைகளுக்கும் வேலை வரும். இடுப்புக்குக் கீழே பட்டால்தான் அவுட். தலையில் பட்டால் எறிந்தவர் அவுட்.

பூதப்பாண்டியிலிருந்து

ஓலைப்பந்து யோசனை அருமை. காற்றுக் காலத்தில் கிளித்தட்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு, கிளி கை தட்டுவது கடைசிக் கோட்டுக்குக் கேட்காது. சிவப்புத் துண்டை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

குட்டியும் கோலும், அதாவது கிட்டிப்புள் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். எழுதாததே நல்லது. பத்து வயதுக்குக் கீழே, கூட்டமாக இருக்கும்போது அது வேண்டாம். கூர் சீவின குட்டி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அடிக்கிறவருக்கே தெரியாது, கண் போய்விடும்.

கபடியும் இந்த வயதுக்குத் தொடு கபடியாக மட்டும் இருக்கட்டும். கால் பிடிப்பது, இழுத்துப் போடுவது கூடாது. வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்துப் பிரியுங்கள். தொடங்குவதற்கு முன் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து, கொலுசு, வளையல், கழுத்துக் கயிறு மூன்றையும் கழற்றி ஒரு சம்புடத்தில் போட்டு வையுங்கள்.

நேரம் நாலரைக்கு மேல். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர். பிள்ளைகள் தாங்களாகக் கேட்க மாட்டார்கள், ‘வாங்க மக்ளே’ என்று ஆட்டத்தை நிறுத்திக் கூப்பிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி ஒரு பானை வைத்தால் 12 பிள்ளைகளும் சிந்தாமல் குடித்து முடிப்பார்கள்.