இருள் மணக்கும் பெயர் வேண்டும்

கேள்வி: பூ, நிலா, தேன் என்று இனிக்கும் பெயர்கள் எனக்கு ஆகாது. மகள் பிறந்தால் லிலித் என்று கூப்பிட ஆசை. மாமியார் முகம் சுளிக்கிறார். வேறு சொல்லுங்களேன்.

பதில்: மாமியார் பக்கம்தான் நானும்! லிலித், மெசொப்பொத்தேமியப் பேய்க் கதைகளில் வேர்விட்டு யூத மரபுக்கு வந்தவள். பச்சிளம் சிசுக்களைக் கவர்வாள் என்று அஞ்சி, பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் காப்பாகத் தாயத்து எழுதி வைத்தார்கள். பெர்செஃபனி? கிரேக்கப் பாதாள அரசி. அவள் மேலே வந்தால்தான் வசந்தம்.

இன்னொருவர் பதில்: பெர்செஃபனியைப் 'பெர்சி' என்று சுருக்கிவிடுவார்கள், பாவம். மெலனி வையுங்கள். கிரேக்கத்தில் கருமை, யாருக்கும் சந்தேகம் வராது. பையனென்றால் பிரான், வெல்ஷ் மொழியில் அண்டங்காக்கை.

கேட்டவர்: மெலனி ரொம்பச் சாது. யாமினி எப்படி? வடமொழியில் இரவு.

பதில்: அருமை. டெஸ்டிமோனா பக்கம் மட்டும் போகாதீர்கள். கிரேக்க வேரில் அதன் பொருள் துர்பாக்கியம்.